மாமா இன்றும் பத்தாயிரம் அடி நடந்தார்

காலமாகிவிட்ட மாமனாரிடம் நடைப் போட்டியில் தோற்ற மருமகன், எனக்குத் தெரிந்த வரையில், இலண்டனில் நான் ஒருவன்தான். தோற்றதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை காலை இடுப்பில் வீட்டில் கட்டும் சாரத்தோடு பஸ் ஏறிப்போய், கோயில் கார் பார்க்கில் அவருடைய காலில் விழுந்து, என் கள்ளத்தனத்தை எல்லாம் உரத்த குரலில் ஒப்புவித்தும் இருக்கிறேன். கேட்டவர்கள் இருபது பேருக்குக் குறையாது. அதில் ஒருத்தி என் மனைவி சுகந்தி.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எதைச் செய்தாலும் குறித்து வைக்க வேண்டும் எனக்கு. எத்தனை அடி நடந்தேன், எத்தனை பக்கம் வாசித்தேன், எத்தனை நிமிடம் பாட்டுக் கேட்டேன் என்று எழுதாவிட்டால் அன்று நான் உயிரோடு இருந்ததற்கே ஆதாரம் இல்லை என்று தோன்றும். ஒருமுறை அடி எண்ணும் கைமணிக்கூட்டைக் கட்ட மறந்து விம்பிள்டன் கொமன் புல்வெளி முழுவதும் சுற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, திரும்பவும் போய் அதே நடையை நடந்தேன். (சிரிக்காதீர்கள், அன்று மழை வேறு.)

இந்த வியாதி எங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றியது. அவர்தான் மாமா, சுகந்தியின் தகப்பன். தபாற்கந்தோர் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றபின் மாமியோடு எங்கள் வீட்டில்தான் இருந்தார். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னதும், சுகந்தி அடி எண்ணும் மணிக்கூடு ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதை ஒரு பழைய போனோடு இணைத்து, என் போனில் இருந்த அதே செயலியை அதில் போட்டுக் கொடுத்தது நான். அதில் நாலு நிரல்கள். நடை, வாசிப்பு, பாட்டு, பேஸ்போல். என் எண்களுக்குக் கீழே அவருடைய எண்கள் வரும். அவருடைய போனில் என்னுடையவை.

பேஸ்போலா என்று கேட்பீர்கள். மாமாவின் தம்பி ஒருவர் கனடாவில் இருக்கிறார். அங்கே ஆறு மாதம் போய் நின்ற மாமா, அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். இலண்டன் தமிழரில் கிரிக்கெட்டைக் கதைக்க ஆயிரம் பேர் உண்டு, பேஸ்போலைக் கதைக்க மாமாவுக்கு நான் ஒருவன்தான் கிடைத்தேன். முதலில் மரியாதைக்காகக் கேட்டேன். பிறகு பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது. முந்தின இரவு அங்கே நடந்த ஆட்டத்தின் சுருக்கத்தைக் காலையில் தேத்தண்ணியோடு இருவரும் பார்ப்போம். மாமாவின் வலது கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். "காலை ஆட்டாதேங்கோ, வீட்டுக்குக் கூடாது" என்று மாமி குசினிக்குள் இருந்து கத்துவார். கால் நிற்கும். அடுத்த பந்துக்குத் திரும்பவும் ஆடும்.

ஆட்டத்துக்கு அடுத்த நாள் காலையில் செயலி "ஆட்டம் பார்த்தீர்களா?" என்று கேட்கும். இருவரும் ஒரே நேரத்தில் 'ஆம்' அமத்துவோம். அதிலும் யார் முதல் என்று ஒரு போட்டி.

பெரிய போட்டி வருடக் கடைசியில். நாலு நிரலையும் கூட்டி, யார் முன்னுக்கு நிற்கிறாரோ அவருக்கு ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கதிரை. அடுத்த வருடம் முழுவதும் அவருடையது. தோற்றவர் யன்னலோரக் கதிரைக்குப் போகவேண்டும். எங்கள் வீட்டு யன்னல் பழையது, காத்து உள்ளே வரும். அதைத் திருத்த வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கி ஏழு வருடம். மாமா அந்தச் சூட்டுக் கதிரையில் தொடர்ந்து நாலு வருடம் இருந்தார்.

ஐந்தாவது வருடம் கார்த்திகை மாதத்தில் நான் ஒரு கண்டுபிடிப்புச் செய்தேன். கவுன்சில் வேலை எனக்கு, கிழமையில் மூன்று நாள் வீட்டிலிருந்து. அப்படி ஒருநாள் காதில் கச்சேரியைப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தபோது மணிக்கூட்டைப் பார்த்தால், கதிரையை விட்டு எழும்பாத நான் அறுநூறு அடி நடந்திருந்தேன். அன்றே மணிக்கூட்டை இடக்கையிலிருந்து, தாளம் பலமாக விழும் வலக்கைக்கு மாற்றினேன். ஒரு வர்ணத்துக்கு நானூறு அடி. விரிவான பல்லவி என்றால் கொமனைச் சுற்றி வந்த கணக்கு. நடையும் ஏறும், பாட்டு நிமிடமும் ஏறும். மார்கழி முப்பத்தோராம் நாள், ஆங்கில வருடம் முடிகிற இரவு, நான் மாமாவைப் பதினோராயிரம் அடியால் முந்தினேன்.

மாமா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் பார்த்தார். பிறகு எழுந்து தன்னுடைய குஷனை எடுத்துக்கொண்டார். "வெண்டவர்தானே இருக்க வேணும், தம்பி. இருங்கோ" என்று சொல்லிவிட்டு யன்னலோரம் போய் இருந்தார். நான் இருந்தேன். கதிரை சூடாக இருந்தது. வெட்கம் கெட்டவன் நான், அந்தச் சூட்டை அனுபவித்தேன்.

தை முதலாம் திகதியிலிருந்து மாமா நாளுக்கு மூன்று தரம் வெளிக்கிடத் தொடங்கினார். வெளியே உறைபனி. கோட்டு, கம்பளித் தொப்பி, கழுத்துச் சால்வை, மூங்கில் பிடி வைத்த மண்ணிறக் குடை, சொக்ஸுக்கு மேலே செருப்பு. (சப்பாத்து அவருக்குக் கடிக்கும்.) எழுபத்தெட்டு வயது மனிதர் நாளுக்குப் பதினாலாயிரம் அடி நடந்தார். எண்ணைப் பார்த்து நான் பயந்தேன். அவருடைய உடம்பை நினைத்துப் பயந்தேன் என்று எழுத ஆசைதான். கதிரை போய்விடும் என்றுதான் பயந்தேன். தாளத்தைக் கூட்டினேன்.

மாசி நடுப்பகுதியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. இதயம் களைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். கண்ணாடி, போன், மணிக்கூடு. மணிக்கூட்டின் வாரில் ஒரு துண்டு மண்ணிற இலாஸ்டிக்கை வைத்துத் தைத்து நீளமாக்கியிருந்தது. கை வீங்கி, வார் எட்டாமல் போய், இலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். ஒரு கதிரைக்காக. நான் தொடையில் தட்டிய தாளத்துக்காக.

பையை மாமியிடம் கொடுத்தேன். மாமி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சுகந்தி அழுதபோதெல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்தேன், தடவிய கை அந்தக் கைதான்.

இறந்த முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி வந்தது. கனடாச் சித்தப்பா வந்து கிரியையைச் செய்தார். நான் கோயில் மண்டபத்துக்கும் குசினிக்கும் இடையில் வடைத் தட்டோடு ஓடிக்கொண்டிருந்ததால் என்ன கிரியை நடந்தது, யார் எதை யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஒன்றையும் காணவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போக ட்ராமில் இருந்தேன். பழக்கதோஷத்தில் செயலியைத் திறந்தேன். என் எண் ஆயிரத்து இருநூறு. ஒரு மாதமாகப் பூச்சியமாகக் கிடந்த கீழ் வரியில், மாமா, மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு.

பழைய எண் ஏதோ இப்போதுதான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, மூவாயிரத்து நானூற்றுப் பத்தொன்பது. பிறகு இருபது. பிறகு கொஞ்சம் பொறுத்து இருபத்தொன்று.

பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலைந்து அடி, ஒரு சிறு நிறுத்தம், திரும்பவும் நாலைந்து அடி. வயதானவர்கள் நடப்பது அப்படித்தான். நான் இறங்கவேண்டிய தரிப்பு வந்து, கதவு திறந்து, மூடி, ட்ராம் வெளிக்கிட்டுவிட்டது. மாமா அப்போது மூவாயிரத்து ஐந்நூறில் இருந்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், சாதாரணமாகக் கேட்பதுபோல மாமியிடம் கேட்டேன். "மாமி, மாமாவின்ரை மணிக்கூடும் போனும் அலுமாரிக்குள்ளைதானே கிடக்குது?"

மாமி மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அது போகவேண்டிய இடத்துக்குப் போட்டுது, தம்பி. அவரிட்டைப் போய்ச் சேந்திருக்கும்."

சவப்பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். அந்தப் பெட்டி பின்னால் திரை மூடி உள்ளே போனதை நான் என் கண்ணால் பார்த்தவன். அந்த நெருப்பிலிருந்து எழும்பி ஒரு மணிக்கூடு பின்னேரத்துக்குள் பத்தாயிரம் அடி நடந்திருக்கிறது.

மாமியிடம் மேலே கேட்டிருக்கலாம். சுகந்தியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அப்போதுதான் அழுகையை விட்டு ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். உன் அப்பா நடக்கிறார் என்று சொன்னால், ஏன் நடக்கிறார் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்.

இரண்டாவது கிழமை பாட்டு நிரலும் அசையத் தொடங்கியது. காலையில் இருபது நிமிடம், அதே நாதஸ்வரம். மாமா காலையில் கேட்கிற ஒரே பட்டியல் அது. வேறு யாருக்கும் அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. வாசிப்பு மட்டும் பூச்சியம். பேஸ்போலும் பூச்சியம். அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் நூலகம் இல்லை, பேஸ்போலும் இல்லை, நடக்க மட்டும் விடுகிறார்கள் என்றால் அது எந்த இடம் என்று நான் யோசித்தேன். நல்ல இடமாகத் தெரியவில்லை.

அதற்குள் கதிரையில் இருப்பதை விட்டுவிட்டேன். ஹீட்டர் எரியும், கதிரை வெறுமையாக இருக்கும், நான் யன்னலோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருப்பேன். பாட்டுக் கேட்பதும் நின்றது. கேட்டால் கை தானாகத் தொடைக்குப் போகிறது. என்னவோ யாரோ கையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு உணர்வு. "என்னப்பா, முகமெல்லாம் வெளிறிப் போச்சு. டொக்டரிட்டைக் காட்டுவமோ?" என்று சுகந்தி கேட்டாள். "வேலை கூட" என்றேன்.

ஒருநாள் செயலியில் படம் ஒன்று வந்திருந்தது. நடக்கிற பாதையைத் தெருவரைபடத்தில் நீலக் கோடாகப் போட்டுக் காட்டும் வசதி அது. வெளிக்கிடும்போது "பாதையைக் குறிக்கவா?" என்று கேட்கும். உயிரோடு இருந்தவரை மாமா அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை. "எனக்கென்னத்துக்கு உந்தப் படம்" என்பார். போன பிறகு சம்மதித்திருக்கிறார்.

பெருவிரலால் படத்தைப் பெரிதாக்கினேன். கோடு எங்கள் தெருவுக்குப் பின்னால் எங்கோ தொடங்கி, எங்கள் தெருவுக்குள் திரும்பி, எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. ஆறு ஐம்பத்திரண்டிலிருந்து ஆறு ஐம்பத்தாறு வரை. நாலு நிமிடம் அசையவில்லை. பிறகு வேகமாகப் போய், கோயில் கார் பார்க்கில் பன்னிரண்டு தரம் வட்டமாகச் சுற்றியிருந்தது. அது மாமா வெள்ளி தவறாமல் போகிற கோயில். போகாமல் வேறு எங்கே போவார்!

அடுத்த நாளும் நாலு நிமிடம். அதற்கு அடுத்த நாளும். நான் ஆறு ஐம்பதுக்கே விழித்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, சுகந்தியின் மூச்சைக் கேட்டபடி ஐம்பத்தேழு ஆகும்வரை கிடப்பேன். வாசலில் நின்று அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். தெருவிலிருந்து பார்த்தால் யன்னலுக்குள் அந்தக் கதிரை தெரியும்.

பங்குனிக் கடைசியில் பேஸ்போல் பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கு அடுத்த நாள் காலை. செயலி என்னைக் கேட்டது, ஆட்டம் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை, பார்க்கிற நிலையில் இல்லை. 'இல்லை' அமத்தப் போனேன். அதற்குள் கீழ் வரியில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது.

மாமா: பார்த்தேன்.

எனக்கு முதல் அமத்திவிட்டார், வழக்கம்போல. நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பயத்தில் பாதி. மற்றப் பாதி, அந்த மனிதரை நான் எவ்வளவு தேடுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்ததால்.

இப்போது அந்தச் சனிக்கிழமை. கோயிலில் ஏதோ விசேடம், பூக்கட்ட என்று சுகந்தியும் மாமியும் ஆறரைக்கே காரில் போய்விட்டார்கள். வீட்டில் நான் தனி. வெளியே அப்படி ஒரு மூடுபனி, எதிர்வீட்டுக் கதவே தெரியவில்லை. ஆறு ஐம்பத்திரண்டுக்கு, என்ன துணிவோ, யன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தேன்.

நின்றார்.

முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவின் இந்தப் பக்கம், எங்கள் வேலிக்கு வெளியே. மாமாவின் சாம்பல் கோட்டு. கம்பளித் தொப்பி. கழுத்தில் அந்தச் சால்வை. கையில் மூங்கில் பிடி வைத்த மண்ணிறக் குடை. கீழே பார்த்தேன், கால் இருக்கிறதா என்று. (நம்மவர் எல்லாரும் முதலில் அதைத்தானே பார்ப்போம்.) இருந்தது. சொக்ஸ், அதற்குமேல் மாமாவின் செருப்பு.

பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்தது, நின்றது, அவரை ஏற்றிக்கொண்டு போனது. அந்த நேரம் எனக்கு வந்தது பயம் இல்லை. திரும்பவும் போகிறாரே என்ற அந்தரம், தவிப்பு. இன்றைக்கு விட்டால் இந்தப் பாரத்தை எங்கே போய் இறக்குவேன் என்று, சாரத்துக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, குளியலறைச் செருப்போடு ஓடினேன். அடுத்த பஸ் எட்டு நிமிடத்தில் வந்தது. இலண்டன் பஸ்ஸில் சாரத்தோடு இருந்தால் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பதை அன்று அறிந்தேன்.

கோயில் கார் பார்க்கில் பனி இன்னும் கலையவில்லை. சுற்றிக்கொண்டிருந்தார். மதிலோரமாக, அதே நடை, நாலைந்து அடிக்கு ஒரு நிறுத்தம். சுவர் மூலையில் மறைவார், மறு மூலையில் வருவார். மூன்றாவது சுற்றில் பின்னால் ஓடினேன். குளியலறைச் செருப்பு ஈரத்தில் வழுக்கியது. விழ வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன், ஆனால் நினைத்த இடத்துக்கு ஆறு அடி முன்பே விழுந்து, மிச்சத்தைச் சறுக்கிப்போய் அந்தக் கால்களைப் பிடித்தேன்.

"மாமா! என்னை மன்னியுங்கோ மாமா! நான் நடக்கேல்லை! அந்தப் பதினோராயிரம் அடியும் நான் நடக்கேல்லை! கதிரையிலை இருந்து தாளம் போட்டனான்! நான் கள்ளன் மாமா! உங்களைக் குளிருக்குள்ளை நடக்க விட்டுச் சாகடிச்சுப்போட்டன்! வாங்கோ, கதிரையை எடுங்கோ! இனி நடவாதேங்கோ மாமா!"

கால்கள் என் பிடியில் நடுங்கின. மேலே இருந்து ஒரு குரல் வந்தது, மாமாவின் குரல் இல்லை. "சிவ சிவா. தம்பி, காலை விடுங்கோ, நான் விழப்போறன்."

நிமிர்ந்து பார்த்தேன். தொப்பிக்குக் கீழே, நெற்றி நிறைய விபூதியோடு, எங்கள் கோயில் ஐயர்.

எனக்குப் பின்னால் ஒரு பூக்கூடை விழுகிற சத்தம் கேட்டது. மண்டப வாசலில் பூக்கட்ட வந்த பெண்கள் எல்லாரும் நின்றார்கள், நடுவில் மாமி, மாமிக்குப் பக்கத்தில் சுகந்தி. சுகந்தி முன்னால் வந்தாள்.

"இஞ்சேருங்கோ. முதல்லை சாரத்தைக் கட்டுங்கோ."

எழுந்து கட்டினேன். ஐயர் பதறிக்கொண்டு விளக்கம் சொன்னார். அந்தியேட்டித் தானத்தில் ஐயருக்குக் குடை, செருப்பு, உடுப்பு எல்லாம் கொடுப்பது வழக்கம். போனவர் போகிற வழியில் அவருக்கு உதவும் என்று நம்பிக்கை. எல்லாரும் கடையில் புதிதாக வாங்கிக் கொடுப்பார்கள். மாமி மாட்டேன் என்றுவிட்டார்.

"புதுச் செருப்பு அவருக்குக் கடிக்கும்" என்றார் மாமி, எல்லாருக்கும் கேட்க. "அதுதான் அவர் பாவிச்சதையே குடுத்தனான். மணிக்கூடு இல்லாமல் அவர் நடக்கமாட்டார், போன் இல்லாமல் மணிக்கூடு ஓடாதாம். அதுகளையும் வைச்சனான். நீங்கள் பாவிச்சாத்தான் ஐயா அவரிட்டைப் போய்ச் சேரும், பெட்டிக்குள்ளை வையாதேங்கோ எண்டும் சொன்னனான்."

"ஓம், அம்மா சொன்னபடி ஒருநாளும் தவறேல்லை" என்றார் ஐயர். எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் அவர் வீடு. பஸ் தரிப்பு எங்கள் வாசலில். "எனக்கும் சீனிதானே. ஒரு இடத்திலை இருந்தால் இது கையிலை கிர்ர் எண்டு உலுக்குது, எழும்பி நடக்கிறன். போனிலை காலமை நாதஸ்வரம் வருது, நல்லா இருக்கு. வேறை என்னென்னவோ இங்கிலீஷிலை கேக்குது. எனக்கு ஒண்டும் விளங்காது, எல்லாத்துக்கும் 'ஓம்' எண்டு அமத்திறன். போனவருக்குக் கேக்கிற கேள்விக்கு இல்லை எண்டு சொல்லக்கூடாது."

சிலர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். சுகந்தியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

காரை அவள்தான் ஓட்டினாள், மாமியும் நானும் பின்னால். வீட்டுக்குள் வந்து, கதவை மூடிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அப்பா அந்தக் குளிருக்குள்ளை மூண்டு தரம் போனது நீங்கள் ஏமாத்தினதாலையோ?"

"ஓம்" என்றேன்.

"அவர் உங்களை மகன் எண்டு சொன்னவர்." கதிரையைக் காட்டினாள். "நீங்கள் அந்தக் கதிரையிலை இருந்துகொண்டு அவர் போறதைப் பாத்தனீங்கள்."

இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இனி எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். அது நியாயம் என்றும் நினைத்தேன்.

அப்போது மாமி மேலே இருந்து இறங்கி வந்தார். கையில் மாமாவின் சொக்ஸ் சோடி ஒன்று. அதை மேசையில் போட்டார். வலக்கால் சொக்ஸின் கணுக்கால் பக்கம், உள்ளே ஏதோ வட்டமாக உரசியதுபோல் நைந்து தேய்ந்திருந்தது.

"ரெண்டு பேரும் அழுது முடிஞ்சுதே? அவர் எங்கை நடந்தவர்?" என்றார் மாமி. "ட்ராம் ஸ்டொப் மட்டும் நடந்தவர். அதுக்குமேலை ஒரு அடி நடக்கேல்லை. கையிலை இலவசப் பாஸ், ட்ராமுக்குள்ளை நல்ல சூடு. விம்பிள்டனிலை ஏறினால் குரொய்டன். அங்கை ஏறினால் திரும்ப விம்பிள்டன். மணிக்கூட்டைக் கணுக்காலிலை கட்டி, மேலை சொக்ஸை இழுத்துவிட்டு, காதிலை பாட்டு, மடியிலை புத்தகம். ரெண்டு மணித்தியாலம் காலை ஆட்டிக்கொண்டு இருப்பார். வார் காலுக்குக் காணாதெண்டு இலாஸ்டிக் வைச்சுத் தைச்சுக் குடுத்தது ஆர்? நான்தான்."

சுகந்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பதினாலாயிரம் அடி. பாதையைக் குறிக்கச் சம்மதிக்காத மனிதர். வீங்காத கை.

"அம்மா, நீங்கள் ஏன் சொல்லேல்லை?" என்றாள் சுகந்தி.

"என்னத்தைச் சொல்ல? 'மருமோன் தாளம் போட்டு வெண்டவர், நான் கால் ஆட்டி வெல்லுறன்' எண்டவர். அவருக்கு முதல் நாளே தெரியும். நாப்பது வருசம் காலை ஆட்டாதேங்கோ எண்டு பேசினனான். கடைசி ஒண்டரை மாசம் பேசேல்லை. நல்ல சந்தோசமா இருந்தவர்."

சுகந்தி சொக்ஸை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள், என் கையையும் பிடித்துக்கொண்டாள். நான் மூக்கைச் சீறிக்கொண்டு நின்றேன், இன்னமும் சாரத்தோடு.

இது நடந்து இப்போது மூன்று வருடம். நான் எங்காவது நடந்துவிட்டு வந்து "இன்றைக்கு ஒன்பதாயிரம்" என்று சொன்னால், சுகந்தி நிமிராமலே "ஆதி தாளமோ, ரூபகமோ?" என்று கேட்பாள். கனடாச் சித்தப்பா தொலைபேசியில் என் பெயரைச் சொல்வதில்லை, "எங்கடை சாரக்காரர் எப்பிடி?" என்பார். கோயிலில் என்னைக் கண்டால் ஐயர் இரண்டு அடி பின்னால் போய்க் காலை ஒதுக்கிக்கொள்கிறார்.

போனில் மாமாவின் பெயரை எடுத்துவிட்டு ஐயரின் பெயரைப் போட்டுத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். அந்தக் கேள்விகளையும் நிறுத்திவிடலாம், ஐயருக்குக் கரைச்சல் இல்லை என்றேன். மாமி விடவில்லை.

"கேக்கட்டும். ஐயர் ஓம் எண்டு சொல்லட்டும். அவர் அங்கை மாட்ச் பாக்கிறார், அதை ஏன் நிப்பாட்டுறியள்?"

அதனால் எங்கள் செயலியில் மாமா இன்றும் நடக்கிறார், நாதஸ்வரம் கேட்கிறார், ஓர் ஆட்டத்தையும் தவறவிடுவதில்லை. மூன்று வருடமும் மார்கழிக் கடைசியில் கூட்டிப் பார்க்கிறோம், மூன்று வருடமும் அவர்தான் முன்னுக்கு நிற்கிறார். ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் அவருடைய குஷன் இருக்கிறது. நான் யன்னலோரம் இருக்கிறேன், காத்து இன்னும் வருகிறது. காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு வாசலில் நிற்பது பஸ்ஸுக்காக நிற்கும் ஐயர் என்று எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் சுகந்தி அந்த நாலு நிமிடமும் யன்னல் திரையை விலக்கி வைக்கிறாள், கதிரை தெரியட்டும் என்று.